நான்கு ரேப்பர், ஒரே ஷீட்: சிறு பதிப்பாளர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைப் புத்தகக் காட்சி நெருங்கினால் திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை அச்சகங்களில் ரேப்பர், அதாவது புத்தக மேலட்டை வேலை குவிந்துவிடும். 500 பிரதி போடுகிறவர், 300 பிரதி போடுகிறவர் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து நான்கு வண்ண அட்டை அடிக்கக் கொடுக்கிறார்கள். பில்லைப் பார்த்ததும் காகித விலையைத் திட்டுகிறார்கள். காகிதம் ஏறியிருப்பது உண்மைதான். ஆனால் 500 பிரதி போடுகிறவர் அட்டைக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அவருடைய அட்டைக்குப் போவதே இல்லை. மெஷினைத் தயார் செய்வதற்கும், தயார் ஆகும்வரை கழியும் ஷீட்டுக்கும்தான் போகிறது. நான்கு பேர் சேர்ந்து ஒரே ஷீட்டில் அடித்தால் இந்தச் செலவு நான்காகப் பிரியும். சிவகாசிக்கு இது புதிதல்ல. தீப்பெட்டி லேபிளையும் விசிட்டிங் கார்டையும் அங்கே யாரும் ஒற்றையாக அடிப்பதில்லை. புத்தக அட்டையில் மட்டும் ஏனோ தனிக்குடித்தனம் நடக்கிறது.

முதலில் கணக்கு. நான்கு வண்ணத்துக்கு நான்கு பிளேட் (அச்சுத் தகடு). பிரதி 100 ஆனாலும் 1,000 ஆனாலும் அதே நான்குதான். பிளேட்டை மாட்டி, நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழும்படி ரெஜிஸ்டர் சேர்த்து, இங்க்கும் தண்ணீரும் ஒரு நிலைக்கு வருவதற்குள் நல்ல ஆபரேட்டர் கையிலும் 100 முதல் 150 ஷீட் கழிந்துவிடும். அதன்பின் பெரும்பாலான அச்சகங்களில் 1,000 இம்ப்ரெஷன் (ஷீட் ஓட்டம்) வரை ஒரே கூலி. 133 ஷீட் ஓட்டினாலும் அந்தக் கூலிதான், 530 ஓட்டினாலும் அதேதான்.

டெம்மி புத்தகம் 14க்கு 21.5 செ.மீ. முதுகு 1 செ.மீ. என்றால் விரித்த அட்டை 29க்கு 21.5. நாலு பக்கமும் வெட்டில் போகும் 3 மி.மீ. பிளீட் சேர்த்தால் 29.6க்கு 22.1. கடையில் கிடைக்கும் 25க்கு 36 அங்குல ஆர்ட் போர்டைப் பாதியாக வெட்டினால் 18க்கு 25, அதாவது 45.7க்கு 63.5 செ.மீ. இதில் அகலத்தில் இரண்டு, உயரத்தில் இரண்டு என நான்கு அட்டை உட்காரும். உயரத்தில் 44.2 செ.மீ. போக மிச்சம் ஒன்றரை செ.மீ. அதில் மெஷின் ஷீட்டைப் பிடிக்கும் கிரிப்பருக்கு 1 செ.மீ., வால்பக்கம் நிறம் சரிபார்க்கும் கலர் பாருக்கு அரை செ.மீ. இறுக்கம்தான், ஆனாலும் போதும். 19க்கு 26 அங்குல மெஷின் எதிலும் இது ஓடும்.

500 புத்தகத்துக்கு பைண்டிங்கில் கெடுவதற்கும் சேர்த்து 530 அட்டை வேண்டும். நான்கு பதிப்பாளர்கள் தனித்தனியாகப் போனால், ஒவ்வொருவரும் தம் அட்டையையே நான்காக வைத்து 133 ஷீட், கழிவுக்கு 150, ஆக 283 ஷீட். நால்வருக்கும் 1,132. சேர்ந்து அடித்தால் 530, கழிவு 150, ஆக 680 ஷீட். வித்தியாசம் 452 ஷீட். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) போர்டில் இந்த அளவு ஷீட் ஒன்று 87 கிராம். 39 கிலோ போர்டு மிச்சம். கணக்குக்காக பிளேட் ஒன்று 300 ரூபாய், ஓட்டுகூலி 1,800 ரூபாய், போர்டு கிலோ 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிளேட்டிலும் கூலியிலும் 12,000 ஆக வேண்டியது 3,000 ஆகிறது. போர்டில் 3,100 சொச்சம் குறைகிறது. ஆளுக்கு ஏறக்குறைய 3,000 ரூபாய், புத்தகத்துக்கு 6 ரூபாய். அவரவர் அச்சக விலையைப் போட்டுப் பார்த்தால் தொகை மாறும், விகிதம் அதிகம் மாறாது. 14க்கு 20 அங்குலச் சிறிய மெஷினில் தனியாக அடிப்பவருக்கு பிளேட் விலை குறைவு என்பதால் மிச்சம் சற்றுக் குறையும். 200 பிரதிக்குக் கீழே என்றால் ஆஃப்செட் பக்கமே வர வேண்டாம், டிஜிட்டலில் அடித்துக்கொள்ளலாம்.

கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தும் கூட்டாக அடிப்பவர்கள் ஒருமுறையோடு ஏன் விலகுகிறார்கள்? பெரும்பாலும் வண்ணத்தால். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மெஷினில் இங்க் விடும் சாவிகள் ஷீட்டின் அகலவாட்டில் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு சாவியும் சுமார் 3 செ.மீ. பட்டையைக் கவனிக்கிறது. ஷீட் ஓடும் திசையில் அந்தப் பட்டை தலையிலிருந்து வால்வரை ஒன்றுதான். ஆகவே முன்னும் பின்னுமாக இருக்கும் இரண்டு அட்டைகளுக்கும் ஒரே சாவி. முன்னால் ஓடும் அட்டையில் அடர்ந்த சிவப்பு, அதன் பின்னால் வரும் அட்டையில் ஒரு பெண்ணின் முகம் என்றால், சிவப்பு எழும்ப மெஜந்தா என்னும் செந்நிற இங்க்கைக் கூட்டியதும் முகம் சிவந்துவிடும். முகத்துக்காகக் குறைத்தால் சிவப்பு வெளுத்துப்போகும். ஆபரேட்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதை இரண்டு பக்கமும் திருப்தியாக முடிக்க முடியாது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் அட்டைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் சாவி வேறு.

எனவே நான்கு அட்டையையும் அகரவரிசைப்படியோ, ஃபைல் வந்த வரிசைப்படியோ அடுக்கக் கூடாது. ஒத்த நிறம் உள்ள இரண்டை ஓடும் திசையில் ஒன்றின்பின் ஒன்றாகவும், ஒத்துவராத இரண்டைப் பக்கத்துப் பக்கத்திலும் வைக்க வேண்டும். அப்படியும் பொருந்தாவிட்டால் இன்னொரு வழி உண்டு. ஒரு அட்டையைத் தலைகீழாக, அதாவது 180 டிகிரி திருப்பி வைக்கலாம். அப்போது அதன் முன்னட்டை வரும் பட்டையில் மற்றதன் பின்னட்டை வரும். பின்னட்டை பெரும்பாலும் வெளிர் நிறத்தில் நாலு வரி எழுத்தோடு இருப்பதால் இழுபறி குறைந்துவிடும். 90 டிகிரி மட்டும் திருப்பக் கூடாது, காரணம் பின்னால் வருகிறது.

பின்னட்டையில் ஆசிரியர் படம் கறுப்பு வெள்ளையில் இருந்தால் அதைக் கறுப்பு ஒன்றிலேயே வையுங்கள். நான்கு வண்ணத்தில் பிரித்து வைத்த கறுப்பு வெள்ளைப் படம், முன்னோ பின்னோ ஓடும் அட்டைக்காக ஒரு சாவியைத் திருகினாலும் பச்சை ஏறியோ செம்மை ஏறியோ நிற்கும். எழுத்தும் அப்படியே. சிறிய எழுத்து முழுவதும் கறுப்பு பிளேட்டில் மட்டும், அடியில் உள்ள நிறத்தின்மேலேயே விழும் ஓவர்பிரிண்டாக இருக்க வேண்டும். நான்கு வண்ணத்தில் கலந்த கறுப்பில் 9 பாயின்ட் தமிழ் எழுத்தை வைத்தால், ரெஜிஸ்டர் ஒரு மயிரிழை விலகினாலும் மெய்யெழுத்தின் புள்ளி மங்கிவிடும். கறுப்பில் வெள்ளை எழுத்தாக விட்டால் புள்ளி அடைந்தே போகும். எழுத்தைக் கறுப்பில் மட்டும் வைப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கடைசி நேரத்தில் எழுத்துப்பிழை தெரிந்தால் ஒரே ஒரு பிளேட் மாற்றினால் போதும். இல்லாவிட்டால் நான்கும் மாற வேண்டும், மற்ற மூவரும் காத்திருக்க வேண்டும்.

பெரிய கறுப்புப் பரப்புக்கு வெறும் கறுப்பு போதாது, சாம்பலாகத் தெரியும். சயான் என்னும் நீலம் 40, மெஜந்தா 30, மஞ்சள் 30, கறுப்பு 100 என்று வைத்தால் நல்ல அடர்த்தி வரும், மொத்தம் 200 சதவீதம்தான். கணினித் திரைக்கான ஆர்.ஜி.பி. படத்தை யோசிக்காமல் அச்சுக்கு மாற்றும்போது இருண்ட இடங்களில் மொத்தம் 350, 380 வரை போய்விடுகிறது. 300க்கு மேல் விடாதீர்கள். தனியாக அடிக்கும்போது அது உங்கள் தலைவலி மட்டும். கூட்டாக அடிக்கும்போது உங்கள் ஈர இங்க், மேலே விழும் ஷீட்டின் பின்பக்கம் ஒட்டும். அதைத் தடுக்க ஆபரேட்டர் பவுடரை அதிகம் விடுவார். அதிகப் பவுடர் விழுந்த ஷீட்டில் லேமினேஷன் சரியாகப் பிடிக்காது, அடர் நிறத்தில் வெள்ளி வெள்ளியாகப் பொரிந்து தெரியும். ஒருவர் ஃபைலில் செய்த அலட்சியத்தை நான்கு பேரின் புத்தகமும் சுமக்கும்.

தங்கம், பளீர் ஆரஞ்சு, ஃப்ளோரசென்ட் கேட்பவரைக் கூட்டில் சேர்க்க வேண்டாம். அவருக்கு ஐந்தாவது பிளேட்டும் இன்னொரு ஓட்டமும் தேவை. ஓவிய நூல், புகைப்பட நூல் போடுகிறவரும் தனியாக அடித்துக்கொள்வதே நல்லது. ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டு வண்டியை நம் வீட்டு வாசலுக்குத் திருப்பச் சொல்ல முடியாது. மெஷின் பக்கத்தில் ஒருவர்தான் நிற்க வேண்டும். அவர் கையெழுத்திட்ட ஷீட்தான் நால்வருக்கும் முடிவு. நாலு பேரும் நின்று ஆளுக்கொரு நிறம் கேட்டால் கழிவு 150 என்பது 400 ஆகும், மிச்சப்படுத்திய போர்டில் பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடும்.

இனி நாரோட்டம். போர்டில் நார்கள் ஓடும் ஒரு வாட்டம் உண்டு. அது புத்தகத்தின் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்காக ஓடினால் அட்டை மடிப்பில் வெடிக்கும், ஒட்டிய பிறகு விறைத்து நிற்கும், லேமினேஷன் போட்டபின் சுருளும். நாரோட்டம் நீளவாட்டில் உள்ள 25க்கு 36 போர்டை 18க்கு 25 ஆக வெட்டினால் நார் 18 அங்குலப் பக்கமாக ஓடும். மேலே சொன்ன அமைப்பில் அட்டையின் உயரமும் அதே பக்கம்தான், ஆகவே சரியாக இருக்கும். ஆனால் குறுக்கு நார் போர்டும் கடையில் இருக்கும். ஒரு சிறு துண்டை ஒருபக்கம் நனைத்துப் பாருங்கள். குழலாகச் சுருளும், அந்தக் குழலின் நீளவாட்டம்தான் நாரோட்டம். காகிதக் கடைகள் உள்ள ஆண்டர்சன் தெருவில் வாங்கும்போதே பார்த்துவிட்டால் பிறகு சண்டை இல்லை. இடம் மிச்சம் பிடிக்க ஒரு அட்டையை மட்டும் 90 டிகிரி திருப்பிச் செருகினால், அந்த ஒரு புத்தகம் மட்டும் மூன்றாவது வாரத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

முதுகின் தடிமன் வேறுவேறாக இருந்தால் சேர்க்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. கில்லட்டின் என்னும் வெட்டு மெஷினில் முதலில் நடுவே ஒரு நேர்வெட்டு போட்டு மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் பிரித்துவிட்டால், பிறகு ஒவ்வொரு வரிசையையும் அதனதன் அகலத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். வேண்டியது உயரம் ஒன்றாக இருப்பதுதான். உள்பக்கத்துக்கான 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோவில் தாள் ஒன்று ஏறக்குறைய 0.09 மி.மீ. என்பதால் 200 பக்கத்துக்கு முதுகு 9 மி.மீ. வரும். இரண்டு அட்டைக்கும் முதுகு இரண்டரை செ.மீ. ஆனாலும் 62.2 செ.மீ.தான், ஷீட்டுக்குள் அடங்கிவிடும். 500 பக்க நாவல்கூட இந்தக் கூட்டில் வரலாம். உள்ளே மடிக்கும் காது வைத்த அட்டை மட்டும் வராது. காதுக்கு 8 செ.மீ. என்றால் அகலம் 45 செ.மீ.யைத் தாண்டும், ஒரு வரிசையில் ஒன்றுதான் நிற்கும். வேறு அளவான கிரவுன் புத்தகத்தை டெம்மி கட்டத்தில் உட்கார்த்துவதும் வீண். கிரவுன்காரர்கள் தனிக் கூட்டு சேரட்டும்.

இரண்டு அட்டைக்கு நடுவே 6 மி.மீ. இடைவெளி கட்டாயம், அவரவர் பிளீட் 3 மி.மீ. வீதம். இடம் போதவில்லை என்று பிளீட்டைப் பறித்து ஒரே கோட்டில் வெட்டச் சொன்னால், கத்தி அரை மி.மீ. நகர்ந்தாலும் பக்கத்து வீட்டு நிறம் உங்கள் அட்டை ஓரத்தில் கோடாக வந்து நிற்கும். முதுகு 1 செ.மீ.க்குள் இருந்தால் அகலவாட்டில் 4 செ.மீ. மிஞ்சும். அதில் வெள்ளைப் பின்னணியில் 3 செ.மீ. அகலப் புக்மார்க் மூன்று வைக்கலாம். அரங்கில் இலவசமாகக் கொடுக்க ஆகும்.

லேமினேஷனை ஷீட்டாகப் போட்டுவிட்டு வெட்டுவதுதான் மலிவு. ஆகவே பளபளக்கும் கிளாஸா, மினுக்கம் இல்லாத மேட்டா என்பதில் நால்வரும் முன்பே ஒத்துப்போக வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பளபளப்பு ஏற்றும் ஸ்பாட் யூ.வி., மினுக்குத் தகடு பதிக்கும் ஃபாயில் வேண்டுமென்றால் வெட்டிய பிறகு அவரவர் பாடு. உள்ளட்டையில் அச்சு கேட்பவரையும் தவிர்த்துவிடலாம், ஒருவருக்காக ஷீட் முழுவதையும் இன்னொரு முறை ஓட்ட வேண்டி வரும்.

அடுத்தது எண்ணிக்கை. எல்லோரும் 500 போட மாட்டார்கள். ஒருவருக்கு 1,000, இரண்டு பேருக்கு 500 என்றால் ஆயிரக்காரருக்கு ஷீட்டில் இரண்டு கட்டம், மற்றவர்களுக்கு ஒன்றொன்று. செலவையும் கட்டக் கணக்கில் பிரித்தால் தகராறு வராது, ஆயிரக்காரர் பாதி கொடுப்பார். 300 மட்டும் போதும் என்பவரும் முழுக் கட்டத்துக்குக் கொடுக்கத்தான் வேண்டும், ஷீட் எப்படியும் 530 ஓடுகிறது. மிஞ்சும் 200 சொச்சம் அட்டை அவருக்கே. அதை மறுபதிப்புக்கு வைத்துக்கொள்ளலாம், இரண்டு நிபந்தனையோடு. அட்டையில் விலையும் பதிப்பு ஆண்டும் அச்சிடக் கூடாது, அவை உள்பக்கத்தில் இருக்கட்டும். மறுபதிப்பின் உள்தாளும் அதே தடிமனில் இருக்க வேண்டும், மாறினால் முதுகின் எழுத்து பக்கவாட்டில் சரிந்து விழும். நான்கு பேரின் அட்டையும் சேர்ந்த பிளேட்டை மறுபதிப்புக்கு எடுத்து வைப்பதில் பயன் இல்லை. நான்கு புத்தகமும் ஒரே நேரத்தில் தீர்ந்துபோவது நடக்கிற காரியமா?

பில்லை நான்காகவே போடச் சொல்லுங்கள். அச்சிட்ட நூலுக்கு ஜி.எஸ்.டி. இல்லாததால் அச்சுக்கூலியில் கட்டும் வரியைப் பதிப்பாளர் கழித்துக்கொள்ள முடியாது. ஒருவர் பெயரில் மொத்தமாக வாங்கி மற்றவர்களிடம் வசூலித்தால் அவருடைய கணக்குதான் குழம்பும். தேர்தல் சமயத்தில் இடம் காலியாக இருக்கிறதே என்று ஒரு கட்சித் துண்டறிக்கையைச் செருகிவிட வேண்டாம். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி அதற்கு அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் முகவரியும், கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும். புத்தகக்காரர்களுக்கு அந்தச் சுமை எதற்கு?

ஃபைல் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. எழுத்தை எல்லாம் கர்வ், அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவம் ஆக்கிவிடுங்கள். பழைய தமிழ் எழுத்துருவில் செய்த அட்டையை வேறு கணினியில் திறந்தால் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் ஓடிவிடும். படம் 300 டி.பி.ஐ. தெளிவில், அச்சுக்கான நான்கு வண்ண முறையான சி.எம்.ஒய்.கே.வில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த ஓவியத்தை அப்படியே வைக்காதீர்கள், ஓவியரிடம் மூலத்தைக் கேட்டு வாங்குங்கள். ஐ.எஸ்.பி.என். பார்கோடு வெள்ளைப் பின்னணியில், கறுப்பு ஒன்றில் மட்டும். இயல்பான அகலம் 37.29 மி.மீ., அதில் 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கினால் கடையில் ஸ்கேனர் படிக்காமல் போகலாம்.

நாள் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். அடித்த ஷீட் ஒருநாளாவது காய்ந்த பிறகே லேமினேஷனுக்குப் போக வேண்டும். அவசரப்பட்டால் ஃபிலிம் பிரிந்து வரும். லேமினேஷனுக்குப் பிறகு இன்னொரு நாள் விட்டு வெட்டுவது நல்லது. பைண்டிங்குக்கு ஒரு வாரம். ஜனவரி முதல் வாரத்தில் புத்தகம் கையில் வேண்டுமென்றால் டிசம்பர் 15க்குள் ஷீட் மெஷினில் ஏற வேண்டும், நான்கு ஃபைலும் டிசம்பர் 10க்குள் ஒரே மேசைக்கு வந்துவிட வேண்டும். 10ஆம் தேதி மாலைக்குள் வராத ஃபைலுக்குக் காத்திருக்கக் கூடாது. ஷீட்டில் காலியான அந்தக் கட்டத்தில், ஏற்கெனவே வந்துசேர்ந்த மூவரில் ஒருவரின் அட்டையையே இரண்டாவது முறை வைத்து, தாமதித்தவரின் பங்குச் செலவை அவரே ஏற்பது என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
அச்சு முன்தயாரிப்புப் பணியாளர் ஒருவர்,
திருவல்லிக்கேணி, சென்னை.